எல்லை காந்தி என்னும் பெயருக்கு அப்பால்: கான் அப்துல் கபார் கான்

எல்லை காந்தி என அழைக்கப்பட்டவர் யார் என்னும் ஒரு மதிப்பெண் வினாவின் விடையாகவே நம்மில் பலர் கான் அப்துல் கபார் கானை முதன்முதலில் சந்திக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அதே விடையை இன்னொரு முறை மனப்பாடம் செய்கின்றனர். அத்துடன் அவர் முடிந்துபோகிறார். அந்தப் பெயர் பாராட்டாகவே சூட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு முஸ்லிம், அதுவும் ஒரு பத்தான், வன்முறையை வெறுத்தாரா? அப்படியானால் அதை அவர் வேறு எவரிடமிருந்தோதான் கற்றிருக்க வேண்டும் என்பதே அந்த வியப்பு.

இவ்வகைப் பாராட்டு ஒடுக்கப்பட்ட சமூகங்களில் பிறந்தோருக்குப் புதிதல்ல. உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று மகிழ்ச்சியுடன் சொல்லும் விடுதித் தோழர்களையும் பேராசிரியர்களையும் நாம் அறிவோம். ஒருவரை உயர்த்துவதாகச் சொல்லி அவர் பிறந்த கூட்டத்தைத் தாழ்த்தும் தந்திரம் அது. கபார் கானின் வாழ்வை அந்தப் பெயரிலிருந்து மீட்டு வாசிக்க வேண்டிய தேவை அதனால்தான் எழுகிறது. முஸ்லிம் என்றாலே வன்முறை என்று பேசுவது இயல்பாகிவிட்ட காலத்தில் அந்தத் தேவை இன்னும் கூடுகிறது.

பெஷாவர் சமவெளியில் சார்சத்தா அருகே உத்மன்சாய் என்னும் ஊரில் 1890இல் அவர் பிறந்தார். தந்தை பெஹ்ராம் கான் நிலக்கிழார். அந்நிலம் ஒருகாலத்தில் காந்தாரம் எனப் பெயர் பெற்றிருந்தது. சார்சத்தாதான் பழைய புஷ்கலாவதி நகரம். அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஷாபாஸ்கரியில் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் கரோஷ்டி எழுத்தில் இன்றும் நிற்கின்றன. பிறர் சமயத்தை இழிக்காமல் மதிக்கச் சொல்லும் பன்னிரண்டாம் கட்டளை அங்கே தனிப் பாறை ஒன்றில் பொறிக்கப்பட்டுள்ளது. தம் மக்களின் இந்தப் பௌத்தப் பழமையைக் கபார் கான் மறைக்கவோ மறுக்கவோ இல்லை, பெருமையுடனே நினைவுகூர்ந்தார்.

ஆனால் அவர் பிறந்த காலத்தில் அந்த மண்ணின் மக்களுக்கு வேறொரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. பத்தான் பிறவியிலேயே கொடியவன், பழிவாங்கும் வெறியன், துப்பாக்கி ஒன்றுக்கே அடங்குபவன் என்பது ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்த இனவரைவு. அந்த வரைவைச் சட்டமாக்கியதுதான் எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறை. 1901இல் இறுதி வடிவம் பெற்ற அந்தச் சட்டத்தின்படி ஒருவன் செய்த குற்றத்துக்கு ஊரையே தண்டிக்கலாம், வீடுகளை இடிக்கலாம், மேல்முறையீடும் வழக்கறிஞரும் இல்லாமல் சிறைக்கு அனுப்பலாம். இந்தியாவின் மறுபக்கத்தில் 1871 முதல் குற்றப்பரம்பரைச் சட்டம் எதைச் செய்ததோ அதையே இது இங்கே செய்தது. பிறப்பே குற்றத்துக்குச் சான்று. கொடுமை என்னவெனில், ஆங்கிலேயர் வெளியேறி எழுபது ஆண்டுகள் கடந்து 2018இல்தான் பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளிலிருந்து அச்சட்டம் அகன்றது.

பெஷாவரில் கிறித்தவ மறைப்பணியாளர் நடத்திய எட்வர்ட்ஸ் பள்ளியில் கபார் கான் படித்தார். அப்பள்ளியின் தலைவர் விக்ரம் வேற்று நாட்டிலிருந்து வந்து, ஏழைப் பிள்ளைகள்மீது காட்டிய அக்கறை அவர் மனத்தில் பதிந்தது. தொண்டு என்ற சொல்லுக்கு அவர் கண்ட முதல் உருவம் ஒரு கிறித்தவர் என்பதை அவர் பிற்காலத்தில் நன்றியுடன் சொல்லிவந்தார். ஆங்கிலேயப் படையின் புகழ்பெற்ற ‘கைட்ஸ்’ பிரிவில் அதிகாரிப் பதவி அவரைத் தேடி வந்தது. அங்கே பணியாற்றிய இந்திய அதிகாரி ஒருவரை அவரைவிடக் கீழ்நிலையிலிருந்த வெள்ளையர் இழிவுபடுத்தியதைக் கண்டதும் அந்தப் பதவியை வேண்டாம் என்றார். அண்ணன் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றிருந்தார். தம்பியும் போய்விட்டால் திரும்ப மாட்டான் என்று அஞ்சிய தாய் அனுமதி மறுத்தார். இளைஞர் ஊரிலேயே தங்கினார்.

1910இல் துரங்சாய் ஹாஜி என்னும் சமயப் பெரியவருடன் சேர்ந்து உத்மன்சாயில் பள்ளி தொடங்கினார். இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் இந்தியா திரும்ப இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. தம் மக்களின் பழிக்குப்பழி வழக்கமே அவர்களை அழிக்கிறது என்பதையும், கல்வியின்றி அதிலிருந்து மீட்சியில்லை என்பதையும் கபார் கான் காந்தியைக் காணும் முன்பே கண்டுகொண்டார். பள்ளிக்குப் போனால் நரகம் என்று மிரட்டிய முல்லாக்களும், படித்தால் அடங்கமாட்டார்கள் என்று எண்ணிய ஆங்கிலேய அதிகாரிகளும் அவரை எதிர்ப்பதில் ஒன்றுபட்டனர். யாருக்கு எழுத்தறிவு மறுக்கப்படுகிறது என்பதைக் கொண்டே அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அறியலாம். அந்த வகையில் முல்லாவும் துரையும் வேறல்லர்.

1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து உத்மன்சாயில் பெருங்கூட்டம் நடத்தியதற்காக முதன்முறை சிறை சென்றார். ஆறடிக்கும் மேல் உயர்ந்த அவருடைய கால்களுக்குப் பொருந்தும் விலங்கு சிறையில் இல்லை; இருந்ததை வலிந்து பூட்டியதில் கணுக்கால் கிழிந்து குருதி வழிந்தது. ஊர் முழுவதற்கும் கூட்டு அபராதம் விதிக்கப்பட்டது. 1921இல் அவர் மீண்டும் பள்ளி தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் மூன்றாண்டுச் சிறை. தனிமைக் கொட்டடி, கால் விலங்கு, நாள்தோறும் தானியம் அரைக்கும் வேலை. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை திரிகைக் கல்லின் பாரத்தை அங்கேதான் அறிந்தார்.

1926இல் மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்றார். திரும்பும் வழியில் எருசலேமில் மனைவி படிக்கட்டிலிருந்து தவறி விழுந்து இறந்தார். முதல் மனைவியையும் அவர் முன்பே இழந்திருந்தார். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1928இல் ‘பஷ்தூன்’ என்னும் இதழைத் தாய்மொழியான பஷ்தோவில் தொடங்கினார். பெண் கல்வி, பெண்ணுக்குச் சொத்துரிமை, பர்தாவின் கொடுமை ஆகியவை அந்த இதழில் பேசப்பட்டன.

1929 நவம்பரில் உருவானது ‘குதாய் கித்மத்கார்’ இயக்கம். இறைவனின் ஊழியர்கள் என்பது பொருள். இறைவனுக்கு நம் ஊழியம் தேவையில்லை. ஆகவே அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்வது என்பது அதன் அடிப்படை. இயக்கத்தில் சேருவோர் வன்முறையையும் பழிவாங்குதலையும் விடுவதாகவும், தம்மைத் துன்புறுத்துவோரை மன்னிப்பதாகவும், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பொதுப்பணி செய்வதாகவும் இறைவன் பெயரால் உறுதியேற்றனர். வெள்ளைச் சட்டை விரைவில் அழுக்கானதால் ஊரிலிருந்த தோல் பதனிடும் இடத்தில் சாயமிட்டுக்கொண்டார்கள். செங்கல் நிறம் ஏறிய அந்த உடைதான் அவர்களுக்குச் செஞ்சட்டையர் என்ற பெயரைத் தந்தது. தோல் தொழிலிடத்துத் தொட்டியில் நனைந்த துணி ஒரு விடுதலை இயக்கத்தின் கொடிபோல ஆனது நம் வாசகர்களுக்குக் கூடுதலாகப் பொருள்படும் செய்தி.

இயக்கத்தின் உள்ளே நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. பஷ்தூன் சமூகத்தில் நம்மிடம் உள்ளதுபோன்ற வருணக் கோட்பாடு இல்லை. இஸ்லாம் அதற்கு இடம் தருவதுமில்லை. ஆயினும் நெசவாளர், நாவிதர், எண்ணெய் ஆட்டுவோர், பறை முழக்கும் இசைஞர் ஆகியோர் குலவரிசையில் சேராதவர்களாக, உண்மையான பஷ்தூன்களாக எண்ணப்படாதவர்களாகத் தாழ்த்திவைக்கப்பட்டிருந்தனர். நிலமுள்ள கான்களுக்கும் நிலமற்ற குத்தகையாளருக்கும் இடையே பெரும் பள்ளம். கபார் கானின் பாசறைகளில் கானும் குத்தகையாளனும் ஒரே இராட்டையில் நூற்றனர். ஒரே திரிகையில் மாவரைத்தனர். ஒரே துடைப்பத்தால் கூட்டினர். நெசவு இழிதொழில் என்ற எண்ணத்தை உடைக்கவே அவர் தறியையும் இராட்டையையும் முன்னிறுத்தினார். தொண்டர் படையில் பதவி பிறப்பைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை. இயக்கத்தின் பெரும்பகுதி ஏழை உழவரும் கைவினைஞருமே.

1930 ஏப்ரல் 23 அன்று அவர் கைது செய்யப்பட்டார். பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் மக்கள் திரண்டனர். கதை சொல்லிகளின் தெரு என்று பொருள்படும் அந்த இடத்தில் ஆங்கிலேயப் படை கவச வண்டிகளை ஓட்டி மக்களை நசுக்கியது, பின்னர்ச் சுட்டது. முன்வரிசை விழுந்ததும் அடுத்த வரிசை முன்வந்து நின்றது. இறந்தோர் இருபதைச் சுற்றியே என்றது அரசு. மக்கள் கணக்கு இருநூறுக்கும் மேல்.

அன்று அங்கே இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் பதினெட்டாம் ராயல் கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த இந்துச் சிப்பாய்கள் நிராயுதபாணிகளான முஸ்லிம் மக்களைச் சுட மறுத்தனர். அவர்களுள் முதன்மையானவர் சந்திர சிங் கட்வாலி. பெஷாவரில் பெரும்பான்மை முஸ்லிம்கள் சிறுபான்மை இந்துக்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள், அவர்களைக் காக்கவே நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் சிப்பாய்களுக்குப் பாடம் நடத்தியிருந்தனர். அப்பாடம் பொய் என்பதைக் கட்வாலி கண்டுகொண்டார். ராகுல் சாங்கிருத்தியாயன் அவர் வரலாற்றை நூலாக எழுதியுள்ளார். கட்வாலிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகள் சிறையில் கழித்தார். முஸ்லிம் வெறுப்பை ஊட்டித் துப்பாக்கியைக் கையில் கொடுப்பது எவ்வளவு பழைய முறை என்பதையும், ஒரு சாதாரணச் சிப்பாய் அதற்கு முடியாது என்று சொல்லிவிட முடியும் என்பதையும் பெஷாவர் ஒருசேரக் காட்டியது.

அதன்பின் செஞ்சட்டையர் மீது நடந்த அடக்குமுறையை இங்கே விரிக்க விரும்பவில்லை. வீடுகள் எரிந்தன, ஆடை உரியப்பட்டு அடிக்கப்பட்டனர், கடுங்குளிரில் நீருக்குள் தள்ளப்பட்டனர். ஆயுதம் ஏந்துவதே ஆண்மை என்று வளர்ந்தவர்கள், வீட்டில் துப்பாக்கி இருந்தும், அதை எடுக்கவில்லை. ஆங்கிலேயர் உண்மையில் அஞ்சியது இதற்குத்தான். துப்பாக்கி ஏந்திய பத்தானை எதிர்கொள்ளும் வழி அவர்களுடைய நூல்களில் இருந்தது. துப்பாக்கி ஏந்தாத பத்தானுக்கு அவர்களிடம் பக்கம் இல்லை. ஓராண்டுக்குள் இயக்கம் பல்லாயிரமாகப் பெருகியது.

உதவி கேட்டு அவருடைய தோழர்கள் முதலில் சென்றது முஸ்லிம் லீக் தலைவர்களிடம். ஆங்கிலேயரைப் பகைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. அதன்பிறகே காங்கிரஸ். இந்த வரிசையை மறந்துவிட்டு அவரை இந்துக்களின் கைப்பாவை என்று பின்னாளில் லீக் பழித்தது. அவர் ஐந்து வேளைத் தொழுகையைத் தவறவிடாதவர் என்பது அப்பழிப்புக்குத் தடையாக இருக்கவில்லை. முத்திரை குத்துவோர் ஒருபோதும் மனிதனின் வாழ்வைப் பார்த்துக் குத்துவதில்லை.

பஞ்சாபில் உள்ள குஜராத் என்னும் ஊரின் சிறையில் (இன்றைய குஜராத் மாநிலம் அன்று) அவர் சக கைதிகளுடன் சேர்ந்து கீதையும் குர்ஆனும் கற்கும் வகுப்புகளில் அமர்ந்தார். சீக்கிய நூலையும் விவிலியத்தையும் படித்தார். இதனால் அவர் அரை முஸ்லிமாகிவிடவில்லை. தம் அகிம்சைக்கு ஊற்று எது என்று கேட்டோரிடம் அவர் நபிகளின் மக்கா வாழ்வையே காட்டினார். பதின்மூன்று ஆண்டுகள் இழிவையும் அடியையும் பொறுத்து, கை ஓங்காமல் நின்ற அந்தப் பொறுமையே, ‘சபர்’ என்னும் அந்தப் பண்பே, முஸ்லிமின் ஆயுதம் என்பது அவர் கொள்கை. அன்பை அவர் வெளியிலிருந்து கடன் வாங்கவில்லை. தம் வீட்டில் புதைந்திருந்ததைத் தோண்டி எடுத்தார்.

இன்னொரு நிகழ்வு இதை உறுதிசெய்யும். 1940இல், போருக்கு நிபந்தனையுடன் ஒத்துழைக்கக் காங்கிரஸ் செயற்குழு முன்வந்தபோது, அகிம்சையை அரசியல் பேரத்துக்கு வைக்க முடியாது என்று செயற்குழுவிலிருந்து விலகியவர் கபார் கான். நேரு, படேல், ராஜாஜி உள்ளிட்ட பலரும் அன்று மறுபக்கம் நின்றனர். வன்முறைச் சமூகத்தவர் என்று உலகமே சொன்ன ஒருவர், அகிம்சையைத் தம் சொத்தாகச் சொல்லிக்கொண்ட அமைப்புக்கு அதன் பொருளை நினைவூட்ட வேண்டியிருந்தது.

இங்கே நம் தரப்பின் கேள்வியையும் வைக்காமல் கடக்க முடியாது. காந்தி மீது நமக்குள்ள விமரிசனம் வெளிப்படையானது. தனித்தொகுதி உரிமை பறிபோன 1932 செப்டம்பரில் கபார் கான் ஹசாரிபாக் சிறையில் இருந்தார். ஆனால் சிறைக்கு வெளியே இருந்த ஆண்டுகளிலும் சாதி குறித்துக் காந்தியை எதிர்த்து நின்றவராக அவர் அறியப்படவில்லை. வார்தாவில் அவர் காந்தியின் விருந்தினராக வாழ்ந்தார். அந்த நட்பின் வெளிச்சத்திலேயே இந்திய அரசியலைப் பார்த்தார். தம் மண்ணில் குலப்பெருமையை உடைத்தவர், இந்துச் சமூகத்தின் அடித்தளத்தில் இருந்த சாதியை அதே கூர்மையுடன் பார்க்கவில்லை. அவரை நேசிப்பதற்கு இந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை.

1946 தேர்தலில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த எல்லைப்புற மாகாணத்தில், பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்த லீக் தோற்றது. 50 இடங்களில் 30ஐக் காங்கிரஸ் பெற்றது; அண்ணன் டாக்டர் கான் சாகிப் முதலமைச்சரானார். முஸ்லிம்கள் எல்லோரும் பிரிவினை கேட்டார்கள் என்று இன்று சொல்வோர் இந்த எண்களைப் பார்ப்பதில்லை. அவ்வாண்டின் இறுதியில் பீகாரில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கபார் கான் பீகாருக்குச் சென்றார். 1947 மார்ச்சில் காந்தியுடனும் அங்கே சுற்றினார். எரிந்த வீடுகளுக்கு இடையே நடந்து, ஓடிப்போனவர்களைத் திரும்ப அழைக்கவும், கொன்றவர்களின் ஊராரை வெட்கப்படவைக்கவும் முயன்றார். அதே மாதங்களில் அவருடைய சொந்த மாகாணத்தில் இந்துக்களும் சீக்கியரும் தாக்கப்பட்டனர். அங்கே அவர்களுடைய தெருக்களுக்குக் காவல் நின்றவர்கள் செஞ்சட்டை அணிந்த முஸ்லிம்கள். பீகாரில் முஸ்லிமுக்காகவும் பெஷாவரில் இந்துவுக்காகவும் நிற்பது அவருக்கு இரண்டு வேலைகள் அல்ல.

1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்தைக் காங்கிரஸ் ஏற்றது. எல்லைப்புற மாகாணம் இந்தியாவா பாகிஸ்தானா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தவும் ஒப்பியது. தம் மக்களுக்குத் தனித்த மூன்றாவது வாய்ப்பும் வேண்டும் என்ற கபார் கானின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பதினேழு ஆண்டுகள் காங்கிரசுக்காகச் சிறையும் குருதியும் தந்தவர்கள் ஒரு கையெழுத்தில் கைவிடப்பட்டனர். செஞ்சட்டையர் வாக்கெடுப்பைப் புறக்கணித்தனர். மாகாணம் பாகிஸ்தானுடன் இணைந்தது.

பாகிஸ்தான் பிறந்து பத்து நாட்கள் முடியுமுன் டாக்டர் கான் சாகிபின் அமைச்சரவை கலைக்கப்பட்டது. கபார் கான் 1948 பிப்ரவரியில் புதிய நாட்டின் அரசியல் நிர்ணய சபையில் உறுதிமொழி ஏற்றார். அந்நாட்டின் குடிமகனாக, பஷ்தூன்களுக்குத் தன்னாட்சியும் எல்லோருக்கும் மக்களாட்சியும் கேட்பதே அவர் நிலை. ஜூன் மாதம் கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தா அருகே பாப்ராவில் அவருடைய தொண்டர்கள் கூடியபோது பாகிஸ்தான் காவல்துறை சுட்டது. அரசு ஏறத்தாழ 15 பேர் என்றது. மக்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். கிஸ்ஸா குவானியில் வெள்ளையர் அரசு செய்ததை இஸ்லாத்தின் பெயரால் அமைந்த அரசு பாப்ராவில் முஸ்லிம்களுக்குச் செய்தது. மதம் ஒன்றானால் ஒடுக்குமுறை நீங்கிவிடும் என்று நம்புவோர் பாப்ராவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1948 முதல் 1954 வரை, 1956இல், 1958இல் எனச் சிறை தொடர்ந்தது. 1962இல் அம்னஸ்டி இண்டர்நேஷனல் அவரை ஆண்டின் கைதியாக அறிவித்தது. ஆங்கிலேயன் அவரைக் கலகக்காரன் என்றான். லீக் இந்து என்றது. பாகிஸ்தான் துரோகி, இந்திய உளவாளி என்றது. 1964இல் உடல் நைந்து விடுதலையானார்; மருத்துவத்துக்காக இங்கிலாந்து சென்று, பின்னர் ஆப்கானிஸ்தானில் அகதியாகத் தங்கினார்.

1969இல், காந்தி நூற்றாண்டுக்காக அழைக்கப்பட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் தில்லியில் இறங்கினார். கையில் ஒரு துணி மூட்டை, உடைமை அவ்வளவுதான். அதைத் தாம் சுமப்பதாக நீண்ட கைகளுக்கு அவர் கொடுக்கவில்லை. விழாவுக்கு அழைத்தவர்கள் எதிர்பார்த்தது ஒரு முதிய நினைவுச் சின்னத்தை. ஆனால் அவர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன், செப்டம்பர் 18 அன்று, காந்தி ஆசிரமம் அமைத்த அகமதாபாத்தில் கலவரம் மூண்டிருந்தது. விசாரணை ஆணையத்தின் கணக்கில் இறந்தோர் 660 பேர். அவர்களுள் 430 பேர் முஸ்லிம்கள். எழுபத்தொன்பது வயது முதியவர் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். பின்னர் அகமதாபாத் சென்று வீடிழந்தோரைக் கண்டார்.

அவர் நடந்த அந்த நகரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அகமதாபாத் பஞ்சாலைகளின் நகரம். பஞ்சாலைத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தலித்துகளும் முஸ்லிம்களும். நூற்புப் பிரிவில் தலித்துகள். நெசவுப் பிரிவில் முஸ்லிம்களும் சாதி இந்துக்களும். இந்தப் பிரிவினைக்குக் காரணம் திறமை அல்ல. நெசவில் நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் பட்ட நாடாவைத் தொட மறுத்தது சாதி. இந்தத் தீண்டாமை எந்திரத்தின் அருகிலேயே, ஆலையைச் சுற்றிய நெருக்கமான குடியிருப்புகளில், இரு சமூகங்களும் அண்டைவீட்டாராக வாழ்ந்தன. 1969இல் அந்தக் குடியிருப்புகள் எரிந்தன.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தீயின் தன்மை விளங்கும். 1981இல் அதே அகமதாபாத்தில் இடஒதுக்கீட்டுக்கு எதிரான கிளர்ச்சி தலித்துகளைத் தாக்கியது. 1985 பிப்ரவரியில் மீண்டும் இடஒதுக்கீட்டு எதிர்ப்பு தொடங்கியது. சில வாரங்களில் அது முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமாக மாறிவிட்டது. கல்லூரி இடத்தில் தொடங்கிய பகை எப்படி மசூதித் தெருவில் முடிந்தது? இடஒதுக்கீட்டால் பிளவுண்ட இந்துக்களை மீண்டும் ஒட்டவைக்க ஒரு பொது எதிரி தேவைப்பட்டது. நேற்று விரட்டிய தலித்தை இன்று இந்துவே என்று அணைத்து, அவன் கையில் கல்லைக் கொடுத்து, பக்கத்துத் தெருவைக் காட்டும் அந்த அணைப்பில் அன்பு இல்லை. கலவரம் அடங்கியபின் அவன் பழையபடி சேரியில். வழக்கும் அவன் பெயரில்.

கபார் கான் தில்லியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன் பேசினார். புத்தரை மறந்த நாடு காந்தியையும் மறந்துகொண்டிருக்கிறது என்ற பொருள்பட அவர் கூறியது உறுப்பினர்களுக்கு இனிக்கவில்லை. காந்தாரத்து முஸ்லிம் ஒருவர் இந்திய நாடாளுமன்றத்துக்குப் புத்தரை நினைவூட்டியது தற்செயல் அல்ல. மதம் வெறுப்பதற்கு வந்ததல்ல, நேசிக்கவும் தொண்டு செய்யவுமே வந்தது என்று அவர் போகுமிடமெல்லாம் சொன்னார். இதைச் சொல்வது எளிது. வெறுப்புக்கு அன்பே மருந்து என்று கோவில் திருவிழா மேடையிலும் சொல்லலாம். அவருடைய அன்பில் அந்த இனிப்பு இல்லை. கொல்லப்பட்டவர்களின் முகாமுக்கு நடப்பது, ஆள்வோரின் முகத்துக்கு நேரே சொல்வது, தம் சமூகத்தவர் தாக்கும்போது தாக்கப்படுவோரின் வாசலில் நிற்பது ஆகியவற்றைத்தான் அவர் அன்பு என்று அழைத்தார். வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்தது அதன் விலை.

1972இல் அவர் பாகிஸ்தான் திரும்பினார். அங்கே மீண்டும் காவலும் கைதும். 1987இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது; இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் இறந்தார். தம்மை உத்மன்சாயில் அல்லாமல், எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் தாம் வாழ்ந்த வீட்டிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். அங்கே சோவியத் படைகளுக்கும் முஜாஹிதீன்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. இறுதி ஊர்வலத்துக்காகப் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் கைபர் கணவாய் வழியே நுழைவுச்சீட்டுக் கட்டுப்பாடு ஏதுமின்றி எல்லையைக் கடந்தனர். ஜலாலாபாத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் குண்டுகள் வெடித்து, அஞ்சலி செலுத்த வந்தோரில் 15 பேர் இறந்தனர். அவர் உடல் அவ்வீட்டின் தோட்டத்தில் மண்ணுக்குள் வைக்கப்பட்டது.